கலங்காத கண்கள்

வெங்காயம் நறுக்குவதில் என் இல்லாளை மிஞ்ச ஆளில்லை என்பது எங்கள் சுற்றத்தாரிடையே பல ஆண்டுகள் வழங்கி வந்த பேச்சு. கலியாண வீடாயினும் கந்தூரி வீடாயினும், பிரியாணிக்கென்று கூடை கூடையாக வெங்காயம் வந்திறங்கும்போது, மற்றப் பெண்கள் சற்று நேரத்திற்கெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அவள் ஒருத்தி மட்டும் அரிவாள்மணையின் முன் அமர்ந்து, ஒரு சொட்டுக் கண்ணீரும் இன்றி, அத்தனையும் அரிந்து முடித்துவிட்டே எழுவாள். “லாத்தாவுக்கு இரும்புக் கண்ணு” என்று இளம் பெண்கள் வியப்பார்கள். அதைக் கேட்டு நானும் பெருமை கொண்டதுண்டு. அது கைத்திறன் அன்று, நோய் என்று எங்களுக்குத் தெரிய வர ஏழு ஆண்டுகள் பிடித்தன.

கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் செல்லும் சாலையில் அமைந்த அணுபுரம் குடியிருப்பில் நாங்கள் வசிக்கிறோம். அணுசக்தித் துறையில் பணியாற்றுவோருக்கென எழுப்பப்பட்ட ஊர் இது. என் மகன் அங்கே தொழில்நுட்பப் பணியாளன். அவனுக்கு ஒதுக்கப்பட்ட வீட்டில் 2013 முதல் நானும் அவளும் உடனிருந்து வருகிறோம். நானோ மாமல்லபுரக் கரையோரத்துச் சிற்றூர் ஒன்றின் மதரஸாவில் பிள்ளைகளுக்கு அரபும் தமிழும் கற்பித்துக் காலம் கழிப்பவன்.

இங்கு வந்த புதிதிலேயே அவள், “கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது” என்று சொல்லத் தொடங்கினாள். கடலோரத்தில் கண்ணில் மணல் விழாமல் பொன்னா விழும் என்று நான் நகைத்தேன். சவுக்குத் தோப்பைத் தாண்டி வரும் உப்புக் காற்றின் மேல் பழியைப் போட்டோம். மின்விசிறியின் கீழ் அவளால் படுக்க முடியவில்லை. காலையில் விழித்தால் இமைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் மெல்லப் பிரித்தெடுக்க வேண்டும். இரவில் தலைமாட்டில் ஒரு செம்பு நீர் இல்லாமல் உறக்கம் இல்லை. முறுக்கு, நானகத்தாய் போன்ற உலர்ந்த பண்டங்களை அவள் மெல்ல மெல்ல விட்டுவிட்டாள். சோற்றை ரசத்தில் மிதக்கவிட்டுத்தான் உண்பாள். இவையெல்லாம் ஒவ்வொன்றாக, வெவ்வேறு காலத்தில் வந்தமையால், ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அவற்றுள் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். அவள் ஒரு நாளைக்குப் பத்து முறை, பன்னிரண்டு முறை ஒளுச் செய்யத் தொடங்கினாள். தொழுகை நேரம் இல்லாத வேளையிலும் குழாயடிக்குச் சென்று வாய் கொப்பளித்து, முகத்தில் நீரடித்துக்கொண்டு வருவாள். எப்போதும் ஒளுவுடன் இருப்பது சிறந்த பேணுதல் அல்லவா? மதரஸாவில் மூத்த மாணவர்களிடம் பெயர் குறிப்பிடாமல் இதை எடுத்துக் கூறி, இல்லத்துப் பெண்டிரிடமிருந்தும் நாம் கற்க வேண்டியது உண்டு என்று பேசியிருக்கிறேன். அவளோ வறண்ட வாயையும் எரியும் கண்ணையும் ஒரு கணம் நனைத்துக்கொள்ளவே அங்கு ஓடியிருக்கிறாள்.

அந்த நாட்களில் மாலை வேளையில் அக்கம்பக்கத்துச் சிறுமிகளுக்கு அவள் ஓதிக் கொடுத்து வந்தாள். நாவின் நுனியும் பல்லின் விளிம்பும் தொட்டுப் பிறக்கும் எழுத்துகள் அரபியில் பல உண்டு என்பதை ஓதியவர் அறிவர். நாவில் ஈரம் இல்லாவிட்டால் அவை ஒட்டிக்கொண்டு இழுபடும். நான்கு வரி ஓதுவதற்குள் அவள் குரல் உடைந்து போகும். பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிக்கும். ஒரு நாள், “இனி நீங்களே சொல்லிக் கொடுங்கள், எனக்கு மறதி வந்துவிட்டது” என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டாள். மறதி என்றதை நான் அப்படியே நம்பினேன்.

2017-ஆம் ஆண்டு என் மாமியார் மறைந்தார்கள். அவளைத் தவிர அவர்களுக்குப் பெண் மக்கள் இல்லை. ஜனாஸா எடுக்கும் முன் தாயின் முகத்தை இறுதியாகக் காட்டியபோதும் அவள் கண்ணில் நீர் இல்லை. சிவந்த கண்களை இமைத்து இமைத்துப் பார்த்தபடி நின்றாளாம். “பெத்த தாய் மௌத்துக்கே கண்ணு கலங்கல, நெஞ்சில ஈரமே இல்ல” என்று நெருங்கிய உறவினர் ஒருவர் சொன்ன சொல் ஆண்கள் இருந்த பக்கத்திற்கும் வந்து சேர்ந்தது. தமிழில் ஈரம் என்ற சொல்லுக்கு அன்பு என்றும் இரக்கம் என்றும் பொருள் உண்டு. ஈரமற்றவர் என்றால் இரக்கமற்றவர் என்றே கொள்கிறோம். மொழியே அன்று அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று.

ஓலமிட்டு அழுவதைத்தான் மார்க்கம் விலக்கியிருக்கிறதேயன்றிக் கண்ணீரை விலக்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் வடித்த செய்தியை நாம் அனைவரும் அறிவோம். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆயினும் என் மனைவியின் மேல் விழுந்த பழியைத் துடைக்க வேண்டும் என்ற வேகத்தில், மூன்றாம் நாள் கூடியிருந்தோர் செவிபட நான் பேசினேன். அவள் அழாமல் இருந்தது கல்நெஞ்சால் அன்று. அது ஸப்ரு, அழகிய பொறுமை என்று எடுத்துரைத்தேன். கேட்டவர்கள் தலையசைத்தார்கள். திரைக்கு அப்பால் இருந்து அவளும் அதைக் கேட்டாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு, 2018-இல், ரமலான் மே மாதத்தின் நடுவில் பிறந்தது. அக்கினி நட்சத்திரம் இன்னும் முடியவில்லை. அஸருக்குப் பின் அவளால் பேசவே முடியாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். “நோன்பாளிக்கு நா வறள்வது இயல்புதானே, அதற்கும் கூலி உண்டு” என்றேன். நோயுற்றவருக்கு நோன்பில் உள்ள சலுகையை எத்தனையோ ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருபவன் நான். நீரிழிவு உள்ளவர், இதய நோய் உள்ளவர் என்று ஊரார் பலர் என்னிடம் வந்து கேட்டுச் செல்வர். என் வீட்டில் இருந்தவளுக்கு அந்தப் பாடத்தை நான் திறந்து பார்க்கவில்லை. காய்ச்சல் இல்லை, புண் இல்லை, இருமல் இல்லை. கண்டறிந்து சொல்ல வெளியில் ஓர் அடையாளமும் இல்லாத ஒன்றை நான் நோய் என்று எண்ணவில்லை.

மருத்துவர்களைப் பார்க்காமலும் இல்லை. பற்கள் ஈறோரத்தில் வரிசையாகச் சொத்தையாகின. ஒரு பல் மருத்துவர் அவற்றை அடைத்துக் கொடுத்து இனிப்பைக் குறைக்கச் சொன்னார். ஒரு கண் மருத்துவர் ஒவ்வாமை என்று சொட்டு மருந்து தந்தார். மூட்டு வலிக்கு ஒருவர் மாத்திரை தந்தார். மாதவிடாய் நிற்கும் வயது, மனத்தை அலட்டிக்கொள்ள வேண்டாம் என்று ஒருவர் அறிவுரை தந்தார். காதடியில் கன்னம் வீங்கியபோது பொன்னுக்கு வீங்கி என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். மூன்று முறை வீங்கிற்று. பொன்னுக்கு வீங்கி ஒருவருக்கு மூன்று முறை வருமா என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. பல்லைப் பார்த்தவர் கண்ணைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தவர் மூட்டைக் கேட்கவில்லை. அவர்களைக் குறை கூற எனக்கு என்ன தகுதி இருக்கிறது? எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் அல்லவா?

2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். 1819-இல் தொடங்கப்பட்டு, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்றாக விளங்குவது அது. அங்கே ஓர் இளம் பெண் மருத்துவர் கண்ணைப் பார்த்துவிட்டு, கண்ணைப் பற்றிக் கேட்காமல் வேறொன்றைக் கேட்டார்: “அம்மா, தண்ணீர் இல்லாமல் ஒரு பிஸ்கட்டை உங்களால் விழுங்க முடியுமா?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, “அதெல்லாம் விட்டுப் பல வருஷமாச்சு” என்றாள்.

மருத்துவர் மெல்லிய தாள் கீற்று ஒன்றை எடுத்து, ஒரு முனையை மடித்துக் கீழிமையின் ஓரத்தில் செருகி, கண்களை மூடிக்கொள்ளச் சொன்னார். ஐந்து நிமிடம். ஷிர்மர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1903-இல் வகுத்த எளிய சோதனை இது. ஊறும் கண்ணீர் தாளில் எத்தனை மில்லிமீட்டர் நனைந்து ஏறுகிறது என்று அளப்பார்கள். ஐந்தும் அதற்குக் கீழும் குறைவு என்பது கணக்கு. அவளுடைய வலக்கண்ணில் 2, இடக்கண்ணில் 3. அந்தத் தாளை மருத்துவர் என் கையில் கொடுத்துக் காட்டினார். ஒரு நெல்மணியின் அளவும் நனையாத தாள். இரும்புக் கண்ணின் இரகசியம் அவ்வளவுதான்.

இரத்தச் சோதனையும் உதட்டுத் தசைச் சோதனையும் வேண்டும், வாதநோய்ப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். நாங்கள் வேலூரைத் தேர்ந்தோம். பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் நான் ஓதிய காலத்தில் அந்தக் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைக் கடந்து எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கியது என்று அப்போதே கேள்விப்பட்டதுண்டு. முப்பது ஆண்டுகள் கழித்து அதன் வரிசையில் மனைவியுடன் நிற்பேன் என்று எண்ணியதில்லை.

அங்கே அவளுடைய கீழுதட்டின் உட்புறத்தைச் சிறிது கீறி, கடுகளவான உமிழ்நீர்ச் சுரப்பிகள் சிலவற்றை எடுத்தார்கள். நுண்ணோக்கியின் கீழ் வைத்து, வெள்ளை அணுக்கள் எத்தனை இடங்களில் கும்பல் கூடியிருக்கின்றன என்று எண்ணுவார்களாம். 50-க்குக் குறையாத அணுக்கள் சேர்ந்தால் ஒரு கும்பல். நான்கு சதுர மில்லிமீட்டர் பரப்பில் அத்தகைய ஒரு கும்பலாவது இருந்தால் நோய்க்குச் சான்று. கண்ணைச் சோதித்தார்கள், நாவைப் பார்த்தார்கள், உதட்டைக் கீறினார்கள். வெளியே நீண்ட பெஞ்சில் அமர்ந்திருந்தபோது ‘அல்பலத்’ அத்தியாயம் என் நினைவுக்கு வந்தது. மனிதனுக்கு அளிக்கப்பட்டவையாக இரு கண்களும் நாவும் இரு உதடுகளும் அதில் அடுத்தடுத்து நினைவூட்டப்படுகின்றன. முப்பது ஆண்டுகளாக அதைப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருகிறேன். அந்த மூன்றும் ஒருசேர ஒரே ஆளிடத்தில் வறண்டு போகக்கூடும் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

நோயின் பெயர் ஷோக்ரன் நோய் என்றார்கள். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை ஒரு மருந்துக் கடைக்காரர் ‘ஜோகிரன்’ என்று படித்தார். எழுத்துகளின் பிறப்பிடம் கற்பிக்கும் எனக்கும் அது எளிதில் வாயில் நுழையவில்லை. ஹென்ரிக் ஷோக்ரன் என்பவர் சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர். கண்ணும் வாயும் வறண்டு, மூட்டுகளிலும் வலி கண்ட பெண்ணொருத்தியைப் பார்த்தது முதல், இவை மூன்றும் தனித்தனி நோய்கள் அல்ல, ஒரே நோயின் கிளைகள் என்று அவருக்கு ஐயம் எழுந்தது. 19 பெண்களை ஆராய்ந்து 1933-இல் ஸ்டாக்ஹோமில் ஆய்வேடு அளித்தார். அந்த 19 பேரில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. ஆய்வேட்டை மதிப்பிட்டவர்கள் அதை உயர்வாகக் கருதாததால் பல்கலைக்கழக ஆசிரியப் பதவிக்குரிய தகுதி அவருக்குக் கிட்டவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1943-இல், ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் ஒருவர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்த பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. நோய் கண்டவர்களை மட்டுமன்றி, அதைக் கண்டு சொன்னவரையும் நம்புவதற்கு நாளாகியிருக்கிறது.

இது வருவது எப்படி? நம் உடலுக்குள் புகும் கிருமிகளை எதிர்க்கவென்று ஒரு காவற்படை இருக்கிறது. அது தன்னவரையும் பிறரையும் பிரித்தறியும் திறன் பெற்றது. சிலருக்கு அந்த அறிவு பிழைபட்டு, அந்தப் படை கண்ணீரும் உமிழ்நீரும் ஊறும் சுரப்பிகளைப் பகையென்று எண்ணிச் சூழ்ந்துகொள்கிறது. வேலியே பயிரை மேய்ந்தது என்று நம் முன்னோர் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இராது. ஏன் பிழைபடுகிறது என்பதற்கு ஒரே காரணம் என்று எதையும் சுட்ட இயலாது. பிறவிக் கூறு, ஏதேனும் ஒரு கிருமித் தாக்குதல், பெண்மைக்குரிய உட்சுரப்புகளின் ஏற்ற இறக்கம் எனப் பல சேர்ந்தே இது நிகழ்கிறது என்பர். நோயுறும் பத்துப் பேரில் ஒன்பதின்மர் பெண்கள். பெரும்பாலோர் நாற்பதிலும் ஐம்பதிலும் இருப்பவர்கள். மாதவிடாய் நிற்கும் வயது என்று தள்ளிவிட ஏதுவான வயது அதுவே.

அரபியில் ‘அய்ன்’ என்ற ஒரே சொல் கண்ணையும் குறிக்கும், நீரூற்றையும் குறிக்கும். தமிழிலும் நிலத்தடி நீர் சுரக்கும் இடத்தை ஊற்றுக்கண் என்கிறோம். காலையில் ஒன்றும் உண்ணாத நிலையை அரபியர் ‘உமிழ்நீரின் மேல்’ என்று சொல்வர். நாமோ வெறும் வயிறு என்கிறோம். அவர்களுக்கு அப்போதும் வாயில் ஈரம் இருப்பது நினைவிலிருக்கிறது. உமிழ்நீர் ஒரு நாளில் ஒரு லிட்டர் அளவுக்குச் சுரப்பதாகக் கணக்கு. உணவை நனைப்பதோடு அதன் வேலை முடிவதில்லை; பல்லை அரிக்கும் புளிப்பை அது கழுவுகிறது, கிருமியை அடக்குகிறது, சுவையை நாவுக்கு எடுத்துச் செல்கிறது. அவளுடைய பற்கள் ஈறோரத்தில் அரித்துப் போனது இனிப்பால் மட்டும் அன்று என்பது இதைக் கேட்ட பின்பே விளங்கிற்று.

வேலூர் மருத்துவமனையில் இந்நோயுற்ற 332 பேரை ஆராய்ந்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். அவர்களுள் வறட்சி என்று தாமாக வந்து முறையிட்டவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. மற்றவர்கள் மூட்டு வலி, களைப்பு, கன்ன வீக்கம் என்று வேறு ஏதோ ஒன்றுக்காக வந்தவர்கள். சிறுநீரகம் தாக்கப்பட்டு இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, கைகால் திடீரெனச் செயலற்றுப் போய் வருவோரும் உண்டாம். வாய் வறள்கிறது என்பதை ஒரு முறையீடாகச் சொல்லலாம் என்றே நம் பெண்களுக்குத் தோன்றுவதில்லை போலும். வீட்டில் கேட்பவர் இருந்தால்தானே சொல்லத் தோன்றும்.

சோதனை முடிவைப் பெற்றுக்கொண்டு பேருந்தில் திரும்புகையில், காஞ்சிபுரத்தைத் தாண்டியபின் அவள் தானாகவே பேசினாள். “உம்மா மௌத்தானப்ப நீங்க பொறுமைன்னு பேசுனீங்க. அழுகை தொண்டை வரைக்கும் வந்து நின்னுச்சு. கண்ணு மட்டும் நெருப்பா எரிஞ்சுது. உறவுக்காரங்க சொன்னதுகூட எனக்கு வலிக்கல. நீங்க புகழ்ந்தப்பதான் கூசிப் போச்சு.”

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அழணும்னு இருக்கு, அழ முடியலன்னு சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா?”

நம்பியிருக்க மாட்டேன். அதற்கும் ஏதேனும் ஒரு நற்பண்பின் பெயரைத் தேடி எடுத்திருப்பேன். வெங்காயத்திற்குக் கைத்திறன், ஒளுவுக்குப் பேணுதல், கண்ணீர் வாராமைக்குப் பொறுமை என்று மூன்று முறையும் நான் கற்ற கல்வியே எனக்குத் திரையாகிவிட்டது. பழித்த உறவினராவது அவள் கண்ணில் நீர் இல்லை என்ற உண்மையைக் கண்டு சொன்னார். நான் அதையும் காணவில்லை.

செய்தி பரவியதும் வேறொரு பேச்சு எழுந்தது. அணு உலையின் அருகில் குடியிருப்பதால் வந்த நோய் என்றார்கள். உறவினர் சிலர் எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கவும் தயங்கினார்கள். இந்நோய் உலகம் முழுவதும் உள்ளது. அதை ஷோக்ரன் எழுதியபோது உலகில் எங்குமே அணு உலை இல்லை. புற்றுநோய்க்காகக் கழுத்திலும் முகத்திலும் கதிர் மருத்துவம் செய்துகொண்டவர்களுக்கு உமிழ்நீர் வற்றுவது உண்டு. அது சுரப்பியின் மேல் நேரே பாய்ச்சப்படும் பேரளவுக் கதிரால் நேர்வது, வேறு கதை. இதைச் சொல்லிச் சொல்லி என் மகனுக்குத்தான் வாய் வறண்டது.

இனி மருத்துவத்திற்கு வருவோம். இதை அடியோடு நீக்கும் மருந்து இல்லை என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். வற்றியதை ஈடு செய்வது, எஞ்சியதைக் காப்பது, உள்ளுறுப்புகளைக் கண்காணிப்பது, இவ்வளவே. கண்ணுக்குச் செயற்கைக் கண்ணீர். முன்பு அவள் ஒரே குப்பியிலிருந்து நாளைக்கு எட்டு முறை விட்டுக்கொண்டிருந்தாள். விட விட எரிச்சல் கூடியது. குப்பி கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளே அடிக்கடி விடுவோரின் கண்ணைப் புண்படுத்துமாம். நாளைக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்படுவோர் அப்பொருள் சேராத மருந்தையே வாங்க வேண்டும். ஒரு முறைக்கு ஒன்றாகக் கிள்ளிப் பயன்படுத்தும் சிறு குமிழ்களாக அது கிடைக்கிறது, விலைதான் கூடுதல். இரவில் களிம்பு போன்ற கெட்டி மருந்து. அழற்சியைத் தணிக்கச் சைக்ளோஸ்போரின் சொட்டு. கண்ணீர் மூக்கிற்குள் வடிந்து போகும் சிறு துளையை மிக நுண்ணிய அடைப்பான் கொண்டு மூடிவைக்கும் முறையும் உண்டு. ஊற்று குறைந்தால் மதகை அடைப்பது போல. அவளுக்கு அதைச் செய்தார்கள். நல்ல பலன் கண்டது.

சுர்மாவைப் பற்றி இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். கண் நோய் என்று கேட்டவுடன் உறவினர் நால்வர் நான்கு சிமிழ்களை அனுப்பி வைத்தனர். கண் மருத்துவரைக் குறிக்கும் ‘கஹ்ஹால்’ என்ற அரபுச் சொல்லே ‘குஹ்ல்’ எனும் அஞ்சனத்திலிருந்து பிறந்ததுதான். ஆனால் கடைகளில் விற்கும் சுர்மாக்கள் பலவற்றில் ஈயம் இருப்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பண்டைய நூல்களில் புகழப்பட்ட இத்மிதும் இந்தச் சிமிழில் உள்ளதும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. நான்கையும் திருப்பி அனுப்பினேன்.

வாய்க்குச் சிறுகச் சிறுக நீர், சர்க்கரை சேராத மெல்லும் பசை, ஃபுளோரைடு மிகுந்த பற்பசை. உமிழ்நீரைத் தூண்டும் பைலோகார்பின் என்ற மாத்திரை. ஜபோரண்டி என்ற பிரேசில் நாட்டுச் செடியின் இலையிலிருந்து முதலில் எடுக்கப்பட்டது அது. அச்செடியின் பெயருக்கே வாயில் நீர் ஒழுகச் செய்வது என்று அந்நாட்டுப் பழங்குடியினர் மொழியில் பொருள் என்பர். சுரப்பியில் உயிர் மிஞ்சியிருந்தால்தான் அது பலன் தரும். வியர்வையையும் பெருக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கும் சிலவகைக் கண்ணழுத்த நோய் உள்ளவருக்கும் ஆகாது. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளுள் பல வறட்சியை மிகுவிக்கும் என்பதையும் அறிந்துகொண்டோம்.

மூட்டு வலிக்கென ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தந்தார்கள். மலேரியாவுக்கான பழைய மருந்து. கண்ணிலும் வாயிலும் உள்ள வறட்சியை அது போக்காது என்று மருத்துவரே சொன்னார். நெடுநாள் உண்பவர்கள் விழித்திரையைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொரோனாவுக்கு அது நல்லதென்ற பேச்சு எழுந்ததும், தேவையில்லாதவர்களும் வாங்கி அடுக்கினார்கள். செங்கல்பட்டில் ஏழு கடைகளில் இல்லை என்றார்கள். ஊரடங்கில் மகன் அனுமதிச் சீட்டுடன் அலைந்து இரண்டு அட்டைகள் கொண்டு வந்தான். அவள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் உண்டு ஒரு மாதத்தை ஓட்டினாள். அந்த மருந்து கொரோனாவுக்குப் பயன் தரவில்லை என்று அவ்வாண்டிலேயே பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன.

இரண்டு எச்சரிக்கைகளை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். கன்னச் சுரப்பி வீங்கி வற்றாமலே நின்றால் உடனே காட்ட வேண்டும். இந்நோயாளரில் ஏறத்தாழ நூற்றில் ஐவருக்குக் காலப்போக்கில் நிணநீர்ப் புற்றுநோய் காண்பதுண்டு. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு இந்நோய் இருப்பின், இரத்தத்தில் உள்ள ‘ரோ’ என்னும் எதிர்ப்பொருள் கருவிலுள்ள குழந்தையின் இதயத் துடிப்பைத் தடை செய்யக்கூடும். அது நூற்றில் ஒன்றிரண்டுதான். ஆயினும் மகப்பேற்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அதை மறைத்துக் கலியாணம் பேசுவது பிள்ளையின் உயிரோடு விளையாடுவதாகும்.

நோன்புக்கு வருகிறேன். கண்ணில் மருந்து விட்டால் நோன்பு முறியுமா என்பது என்னிடம் அடிக்கடி வரும் வினா. நம் நாட்டில் பின்பற்றப்படும் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகள் இரண்டிலும் முறியாது. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு ஃபிக்ஹு மன்றமும் 1997-இல் அவ்வாறே முடிவு செய்திருக்கிறது. ஆனால் வாய்க்குச் சொட்டு மருந்து இல்லை. விழுங்கும் நீர் நோன்பை முறிக்கும். நாளெல்லாம் நீரின்றி இருப்பது பல்லுக்கும் தொண்டைக்கும் கேடு என்று மருத்துவர் எழுதித் தந்தார். 2019 ரமலானுக்கு முன்னிரவு, இவ்வளவு காலம் ஊராருக்கு நடத்திய பாடத்தை அவளுக்கு நடத்தினேன். அவள் இசையவில்லை. எல்லாரும் நோன்பிருக்கையில் தான் மட்டும் வீட்டில் நீர் அருந்துவது எப்படி என்றாள். வெளியே தெரியாத நோய்க்குச் சலுகை எடுத்தால் பெண்கள் என்ன பேசுவார்கள் என்பதை ஜனாஸா வீட்டில் அறிந்தவள் அல்லவா. அந்த ஆண்டு நான் ஒரு காரியம் செய்தேன். பள்ளிவாசலில் தராவீஹுக்குப் பின் கூடியிருந்தோரிடம் இந்நோயை விளக்கி, ஈராண்டு முன்பு என் மாமியார் வீட்டில் நான் பொறுமை என்று பேசியது தவறு, அது நோய் என்று சொன்னேன். அன்று அங்கே கேட்டவர்கள் சிலர் இங்கும் இருந்தார்கள். இப்போது மருத்துவர் இசைவுடன், மார்கழி தை மாதங்களின் குளிர்ந்த குறுகிய பகல்களில் தன்னால் இயன்ற நோன்புகளைக் களாவாக நோற்கிறாள். இயலாதவற்றிற்கு ஏழைகளுக்கு உணவளிக்கிறோம்.

மாலையில் சிறுமிகள் மீண்டும் வருகிறார்கள். அருகில் ஒரு செம்பு நீர் இருக்கும். நான்கு வரி, ஒரு மிடறு. நான்கு வரி, ஒரு மிடறு. பிள்ளைகளே செம்பை நிரப்பி வைக்கிறார்கள்.

2023-இல் எங்கள் மகளின் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் அழைத்துச் செல்லும் நேரம். பந்தலின் மின்விசிறிக் காற்றில் அவள் கண் எரிந்தது. கைப்பையிலிருந்து ஒரு குமிழைக் கிள்ளி இரு கண்ணிலும் விட்டுக்கொண்டு திரும்பினாள். மருந்து நிறைந்து கன்னத்தில் வழிந்தது. அப்போதுதான் அங்கு வந்த அந்தப் பழைய உறவினர் அதைக் கண்டு, “பரவாயில்லையே, மகளுக்காவது அழுகை வந்துச்சே” என்று அருகிலிருந்தவரிடம் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, காலிக் குமிழை என் கையில் கொடுத்து, குடிக்கத் தண்ணீர் கொண்டு வரச் சொன்னாள்.